முதல் பந்தியில் விழுந்த கண்ணீர்

கல்யாணப் பந்தியில் விருந்தாளி ஒருத்தி அழுதால் கைடு என்ன செய்ய வேண்டும் என்று எந்த டிரெய்னிங்கிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஸ்பானிஷ் பேசும் குரூப்புகளைக் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான். அதில் மறக்காத நாள் இது.

சுசீந்திரம் கோயில் பார்த்து முடித்ததும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்டது. பெண்ணின் அப்பா வேலப்பன் எனக்குப் பழக்கம், வயல்காரர். டூர் இட்டினரரியில் இல்லாத ஒன்றைக் காட்டினால் குரூப்புக்குக் குஷி என்பது எங்கள் தொழில் கணக்கு. வேலப்பனும் சந்தோஷமாகக் கூட்டி வரச் சொன்னார். நான் செய்த மடத்தனம், குரூப்பில் இருந்த ஆறு பேரையும் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தது. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு என்பது எனக்குத் தெரியாததா? வேன் கிளம்பும் நேரத்தையே பார்த்தேன், புத்தி வேலை செய்யவில்லை.

பிரதமன் பாயசத்தை வேலப்பனே வாளியில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து விட்டார். குரூப்பில் பிலார் என்று ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும். "நல்லா சாப்பிடணும் மக்கா" என்று அவருக்கு இன்னொரு கரண்டி விட்டதுதான் தாமதம், அவர் கண்ணீர் பொலபொலவென்று இலையிலேயே விழுந்தது.

எதிர் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தாலி கட்டி அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பந்தியில் கண்ணீரா என்று அவர் முணுமுணுத்தது வரிசை முழுக்கப் போயிற்று. வேலப்பன் முகம் வெளுத்துவிட்டது. மகள் அந்த வீட்டில் போய் வாழ வேண்டியவள். சகுனம் சரியில்லை என்ற பேச்சு முதல் நாளே கிளம்பினால் அவள் கதி என்ன?

வருத்தமா என்று பிலாரிடம் கேட்டேன். இல்லை, "எமோசியோனாடா" என்றார். அகராதியில் படித்ததை அப்படியே அத்தையிடம் எடுத்து விட்டேன். "அவிய உணர்ச்சிவசப்பட்டுட்டாவ."

"உணர்ச்சிவசப்படுகதுக்கு இஞ்ச யாரு என்ன சொன்னா?" என்று கேட்டார் அத்தை. நியாயமான கேள்வி. நம் ஊரில் உணர்ச்சிவசப்பட்டவன் சட்டையைப் பிடிப்பான், இல்லையென்றால் மைக்கைப் பிடுங்குவான்.

பிலார் சொன்ன அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கடலில் சூரியன் எழும்போது சொல்வார்கள். ஊருக்குத் திரும்பிப் பேரப்பிள்ளையைப் பார்க்கப்போகிறவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கோயில் விளக்கைப் பார்த்துக் கண் கலங்கியவரும் அதையேதான் சொல்வார். உள்ளே ஏதோ நிறைந்துவிட்டது என்பது மட்டும் அதில் தெரியும். எதனால் என்று நாம்தான் கேட்க வேண்டும். வெட்கக்கேடு, நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். பிலார் சொன்னதை அத்தையிடம் போய்ச் சொன்னேன். "இவியளுக்குக் கல்யாணம் நடக்கும்போ அப்பா உயிரோட இல்லயாம். பொண்ணுக்க அப்பா இப்படிக் குனிஞ்சு விளம்புகதப் பாத்ததும் மனசு நெறஞ்சு போச்சாம். வேற ஒண்ணும் இல்லம்மா."

அத்தை இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்க கல்யாணத்துலயும் எங்கப்பா இல்ல" என்றார். பிறகு வேலப்பனைப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் விடுங்க அண்ணாச்சி" என்றார்.

வேலப்பன் ஓடிவந்து விட்ட அவசரத்தில் பிரதமன் பாதி இலையிலும் பாதி மேசையிலும் விழுந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பந்தி முடிந்ததும் அத்தை பிலாரின் கையைப் பிடித்துக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். இவர் தமிழில் பேச, அவர் ஸ்பானிஷில் பேச, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்கலாமே என்று கிட்டே போனேன். அத்தை என்னைக் கையாலேயே தள்ளிப்போகச் சொன்னார். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் சொல்லைப் படித்துக்கொண்டு வாருங்கள், ஆனால் எதனால் என்று ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.