தாய்மாமன் சீரும் பத்து வட்டியும்

அக்காள் மகள் கல்யாணத்தில் நான் வைத்த சீரைப் பார்த்து ஆயர் ஈத்தாம் ஊர் மண்டபமே வாயைப் பிளந்தது. பட்டுப்புடவை, இரண்டு பவுன் சங்கிலி, பழத்தட்டு, பலகாரத்தட்டு என்று வரிசையாக மேடை ஏறியது. ஒலிபெருக்கியில் “தாய்மாமன் சீர்” என்று அறிவித்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நெஞ்சை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தனையும் கடன். பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் எனக்கு வேலை. பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நிறுத்துப் பார்த்து அனுப்பும் சம்பளத்தில் இரண்டு பவுனுக்கு எங்கே போவது? “சின்னதா ஒரு மோதிரம் போடறேன்க்கா” என்றுதான் முதலில் சொன்னேன். அக்காள் கண்ணைக் கசக்கினாள்.

“மாப்பிள்ள வீட்டுல என்னா நெனைப்பாங்க? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தானடா. பணம் எங்கிட்ட இருந்தா நானே குடுத்துச் சீர் வைக்கச் சொல்லுவேன். கல்யாணச் செலவுல கையில ஒன்னும் இல்ல. கூலாய்ல தெரிஞ்ச ஆள் இருக்கான், நான் சொன்னா குடுப்பான்.”

கூலாயில் கார் பட்டறை வைத்திருந்தவன் அந்த ஆள். ஐயாயிரம் வெள்ளி கடன், பத்து வட்டி, அதாவது மாதம் ஐந்நூறு. முதல் மாத வட்டியை அங்கேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுத்தான். எனக்கு ஜாமீன் அக்காள். என் தம்பி ஏமாற்ற மாட்டான் என்று அவனிடம் அடித்துச் சொன்னாளாம். அதைக் கேட்டு அன்றே அக்காளுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன்.

கடும்வட்டிக்காரனை ‘வட்டி முதலை’ என்று பத்திரிகையில் போடுவார்களே, அது வேறு யாருக்கோ நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பணம் கட்டாவிட்டால் வாசல் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவான், அடையாள அட்டைப் படத்தை விளக்குக் கம்பத்தில் ஒட்டுவான், கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவான். இவனோ மாதா மாதம் “அண்ணே, சாப்டாச்சா?” என்று விசாரித்துவிட்டுப் பணத்தை வாங்கினான். ஆலையில் என்னோடு வேலை செய்த மலாய்க்காரர் ஒரு நாள் தலையை ஆட்டினார். வட்டி வாங்குவதும் பாவம், கொடுப்பதும் பாவம் என்பது அவர் கட்சி. “உங்களுக்கு அது மார்க்கம், எங்களுக்குத் தாய்மாமன் கடமை” என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

ஒரு வருஷம் கட்டியும் முதல் அப்படியே நின்றது. மோட்டார் சைக்கிளை விற்று இரண்டாயிரம் கொண்டுபோய்ப் பட்டறைக்காரனிடம் நீட்டினேன். முதலில் கொஞ்சம் குறைந்தால் வட்டியும் குறையும் அல்லவா? அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பாதி பாதியா வாங்கறது இல்லண்ணே. முதல்னா மொத்தமா குடுங்க.”

அன்று சாயங்காலம் அக்காளைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினேன். “விடுடா, அத கையிலேயே வெச்சுக்க. அவசர ஆத்திரத்துக்கு ஆகும்” என்றாள். நல்ல புத்தி சொல்கிறாள் என்று நம்பினேன். அந்த இரண்டாயிரமும் வட்டியாகவே போனது. தீபாவளிக்கு வந்தவள் என் மனைவி கையில் நூறு வெள்ளியைத் திணித்து, “கஷ்டத்துல இருக்கீங்க, வெச்சுக்கம்மா” என்றாள். இவளைப் போல ஒரு நாத்தனார் கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் நான் பெருமை வேறு பேசினேன்.

மூன்றாம் வருஷம் நாங்கள் இருந்த ஆலைக் குடியிருப்பை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் காலி செய்ய வேண்டும். பண்டார் தெங்காராவில் ஒரு மலிவு விலை வீடு பார்த்தோம். என் மனைவி தையல் தைத்துச் சேர்த்த பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. வங்கிக் கடன் தவணையும் வட்டியும் சேர்ந்தால் தாங்காது என்று பட்டறைக்காரனிடம் போய், ஆறு மாதம் வட்டியை நிறுத்தி வைக்கும்படி கெஞ்சினேன்.

“நான் என்னா செய்யறதுண்ணே? எனக்குக் கமிஷன் மட்டும்தான். உங்கக்கா பணம், அவங்கள கேளுங்க” என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அலமாக், உங்களுக்குத் தெரியாதா?” என்று பதறினான்.

பஸ் பிடித்து ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அக்காள் மறுக்கவே இல்லை. உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

“தம்பிகிட்ட கை நீட்டி வட்டி வாங்கினா நல்லாவா இருக்கும்? அதான் நடுவுல ஆள் வெச்சேன். வெளிய போயிருந்தா இருபது கேப்பான். உனக்குன்னு பத்து.”

“அந்தச் சீர் உன் வீட்டுக்குத்தானேக்கா வந்தது? உன் பணம் உன்கிட்டயே வந்துச்சு. நான் எதுக்கு வட்டி கட்டினேன்?”

“சீர் நீ செய்ய வேண்டிய மொறைடா. கடன் வேற.”

“சரி, கட்டினதெல்லாம் முதலா வெச்சுக்க. மூனு மடங்குக்கு மேல கட்டிட்டேன். வீட்டுக்கு முன்பணம் கட்டணும்.”

“அது எப்படிடா? வட்டி வட்டிதான், முதல் முதல்தான்.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பொறுமையாகச் சொன்னாள். கடும்வட்டி என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பத்தா இருபதா என்பதெல்லாம் அப்புறம். நான் கரையேறவே கூடாது என்பதில்தான் அவளுக்கு லாபம் இருந்தது. நான் போனில் புலம்பிய அன்றும் அவளுக்கு அது தெரியும். திட்டத்தான் போனேன், அழுதுவிட்டு வந்தேன்.

முன்பணத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஐயாயிரத்தை எடுத்து முதலை அடைத்தேன். என் மனைவியே அதை எண்ணி எடுத்துக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வீடு கை நழுவிப் போனது. ஒரு கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, நாங்களே பாலைக் காய்ச்சிக் குடியேறினோம்.

மறுவாரம் அக்காள் போன் செய்தாள். குரலில் அத்தனை மனத்தாங்கல்.

“கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைய விட்டுட்டுப் பால் காய்ச்சிட்டீங்களா?”

“வாடகை வீடுதானேக்கா. சொந்த வீடுன்னா கூப்பிட்டிருப்பேன்.”

அதைக் கேட்டு வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முன்பணம் வேணும்னா எங்கிட்டயே கேளுடா. இந்த வாட்டி நடுவுல ஆள் வேணாம். எட்டு வட்டி போட்டா போதும்” என்றாள்.

பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.