விபீஷணன் ஊருக்கு ஒரு வேகன் வெங்காயம்

வெங்காய வியாபாரி அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தொழில் அப்படி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அழுதது வெங்காயத்தால் அல்ல. திருச்சி கண்டோன்மெண்டில் ஓர் ஆபீஸ் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஏற்றுமதி பர்மிட்டில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடியே வைத்திருக்கிற ஒருவரால். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஐயா, மாடிக்காரரே, என் மண்டியில் முளைத்த ஒவ்வொரு வெங்காயத்துக்கும் நீர்தான் தகப்பன்!

அழுகுகிற சரக்கை விற்றுப் பிழைக்கிற தக்காளிக்காரர், வாழைக்காய்க்காரர், பூக்காரர் எல்லோரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். அரிசி மண்டிக்காரருக்கு இது புரியாது. அவர் சரக்கு அவருக்காகக் காத்திருக்கும். நம்முடையது நம்மைத் திட்டிக்கொண்டே மூட்டைக்குள் குருத்து விடும்.

துண்டுக்குள் கை

காந்தி மார்க்கெட்டில் மொத்த விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். வாய் மேலே மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்குள்ளே விரல்கள் அடிதடி செய்துகொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் மூட்டை தைக்கிற கோணி ஊசியோடு இந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்தவன். எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இந்த விரல் பாஷையைக் கற்றுக்கொண்டேன்.

சின்னத்துரை முதலாளிக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தக் கடை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, நேரே என் மண்டிக்கு வந்தார். துண்டைப் போட்டேன். விரலைப் பிடித்தேன். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். பதில் வராத கோபத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "என்ன ஐயா, கைரேகை பாக்கிறீங்களோ? விலையை வாயாலை சொல்லுங்கோ!" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கத்தியதோடு விட்டாரா? தான் கொடுக்க நினைத்த விலையையும் சேர்த்தே கத்தினார். எதிர் மண்டிக்காரன் இதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அதைவிடக் குறைத்துத் தருகிறேன் என்று குரல் கொடுத்தான். நானும் விடவில்லை. அன்றைக்கு என் ஜன்மத்திலேயே முதல் தடவையாக ஊரறியப் பேரம் பேசினேன், தொண்டை கட்டிப்போயிற்று.

வாடிக்கை எனக்குத்தான் கிடைத்தது. தரையில் சாக்கு விரித்து விற்றவனுக்குக் கடல் தாண்டி ஒரு வாடிக்கை! இது போனால் மறுபடி சாக்கை விரிக்கவேண்டியதுதான் என்பது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்கும். ரயில் ஏறும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முளைச்ச வெங்காயம் மட்டும் வரக்கூடாது, பிள்ளை. ஒருமுறை வந்தாலும் அடுத்தமுறை நான் எதிர்க் கடைக்குத்தான் போவன். உங்களோடை கதைக்கவும் மாட்டன்."

வடையும் நட்பும்

யுத்தம் வந்தது, கூடவே கட்டுப்பாடு வந்தது. யுத்தம் முடிந்து போயும் கட்டுப்பாடு மட்டும் போகவில்லை. இங்கே சுதந்திரம் வந்தது, அங்கேயும் வந்தது, பர்மிட் மட்டும் வரவில்லை. அந்தச் சமயத்தில் இலங்கையிலிருந்து நல்லெண்ணக் கோஷ்டி ஒன்று நம் ஊருக்கு வந்தது. வியாபாரிகளுக்கும் அழைப்பு இருந்தது. மாலை, தேநீர், மசால் வடை. வடையில் இருந்த வெங்காயம் என் மண்டியில் வாங்கினது. கடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெரிய மனிதர் எழுந்து, "இந்தியாவும் இலங்கையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நடுவே இருப்பது கடல் அல்ல, கண்ணீர் வாய்க்கால்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வடை காரமோ என்னவோ.

இந்தச் சூடு ஆறுவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று மறுநாளே பர்மிட் ஆபீசுக்கு ஓடினேன். கீழ் அறையில் குமாஸ்தா ரங்கராஜன் இருந்தார். பரம சாது. நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், முகத்தில் அவசரமே கிடையாது. "சார், நேத்து ஒரு தாய் வயித்துப் பிள்ளைன்னு பேசினாங்களே! அண்ணன் வீட்டு வெங்காயம் தம்பி வீட்டுக்குப் போகணும்ங்க. ஒரு வேகன்தான். மழை வர்றதுக்கு முன்னால மாடியிலே ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க" என்றேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, என்னை அனுதாபத்தோடு பார்த்துச் சொன்னார்: "சிநேகம் வேற டிபார்ட்மெண்டு, ஸ்வாமி. வெங்காயம்தான் எங்க டிபார்ட்மெண்டு."

சவரியம்மாள் தீர்ப்பு

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. என் கிடங்கின் கூரைக்கு மழை என்றால் ரொம்பப் பிரியம். ஒரு சொட்டைக்கூட வெளியே விடாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். சின்ன வெங்காயத்துக்கோ ஈரம் ஆகாது. காற்று வேண்டும், காய்ந்த தரை வேண்டும். இல்லாவிட்டால் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்துவிடும்.

அழுகலைப் பொறுக்கி எடுக்கிற பெண்களுக்குத் தலைவி சவரியம்மாள். அவள் மூட்டையை மோந்து பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். நான் போகிறவன் வருகிறவனையெல்லாம் திட்டினேன், மாடிக்காரரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க போடுற சத்தத்துல வெங்காயம் காயாதுங்க, மொதலாளி. வேற எடத்தைப் பாருங்க. இன்னும் ஒரு வாரம் இங்க கெடந்தா, கொழும்புக்குத் தோட்டத்தைத்தான் அனுப்பணும்."

தெற்கு பார்த்த பெருமாள்

ஊரெல்லாம் சுற்றினேன். தோதான இடம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் வீதியில், சம்பத்து அய்யங்கார் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நெல் கிடங்கு. உயரமான கூரை, தரைக்கு மேலே பலகை, நாலு பக்கமும் ஜன்னல். வெங்காயத்துக்கென்றே கட்டினது போல இருந்தது. ஆனால் அந்த வீதியில் வெங்காயம் என்ற சொல்லே அடுப்பங்கரைக்குள் நுழைந்தது கிடையாது.

நான் சரக்கின் பேரைச் சொல்லாமலே வாடகை பேசினேன். கஷ்டமான கலை, சொல்லிவிடுகிறேன். அவர் ஏற்ற, நான் இறக்க, அவர் வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் இழுத்தேன். கடைசியில், "என்ன சரக்கு, ஓய்?" என்று கேட்டேவிட்டார்.

"விளைஞ்ச பொருள்தான், சாமி. மாமிசம் இல்லை, புகையிலை இல்லை. இலங்கைக்குப் போகுதுங்க."

இலங்கை என்றதுமே மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. வாடகையையும் அவராகவே குறைத்தார். மற்ற ஊரில் பெருமாள் எந்தத் திசை பார்த்துப் படுத்தாலும், இங்கே அவர் பார்வை தெற்கே, இலங்கையின் பக்கம்தான் என்பது உங்களுக்குத் தெரியுமே. அய்யங்கார் கோபுரம் இருந்த பக்கம் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "விபீஷணாழ்வான் தேசத்துக்குன்னா பேரமே வேண்டாம், ஓய். பெருமாளே அந்தப் பக்கம்தானே கடாட்சம் பண்ணிண்டிருக்கார்! எப்போ வேணா கொண்டுவந்து இறக்கும்."

வாசனை

மேலே தார்ப்பாய் போர்த்தி, மாட்டு வண்டிகளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி மூட்டைகள் வந்து சேர்ந்தன. சவரியம்மாளும் வந்து பலகையில் பரப்பினாள். ஒரு நாள் நிம்மதியாகப் போயிற்று. மறுநாள், நனைந்த மூட்டைகள் மூச்சு விட ஆரம்பித்தன. ஈர வெங்காயத்தின் மூச்சு எப்படி இருக்கும் என்று நம் தொழில்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோஷ்டியாகப் பாசுரம் சொல்லிக்கொண்டு போனவர்கள் கிடங்கு வந்ததும் பாதி அடியில் நின்றுபோனார்களாம். எந்த வீட்டில் இந்த அநாசாரம் என்று ஒவ்வொரு வீட்டு மாமியும் அடுத்த வீட்டு மாமியைச் சந்தேகப்பட்டாளாம். அய்யங்கார் வேஷ்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாவி! எதைக் கொண்டுவந்து வச்சிருக்கீர்?"

"விளைஞ்ச பொருள்தான், சாமி."

"அது எங்க விளைஞ்சா எனக்கென்ன? வீதியிலே தலை காட்ட முடியலை. இன்னிக்கே எடும்!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "எடுத்தா எங்கே வைக்கிறதுங்க? ஒண்ணு மழையிலே வைக்கணும், இல்லே என் தலைமேலே வைக்கணும். பேசின பேச்சு பேச்சுதானே? இந்த வேகன் முளைச்சுப் போச்சுன்னா என் பிழைப்பே போச்சுங்க. பர்மிட் வந்த அன்னிக்கு, நீங்க சொல்லாமலே கிளப்பிடறேன்" என்றேன்.

பர்மிட் எப்போது வரும் என்றார். தெரியாது என்றேன். அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. விபீஷணன் இலங்கைக்கு என்று எடுத்துப்போன பெருமாளின் கோயில் விமானத்தை வழியில் இந்தத் தீவில் இறக்கி வைத்ததும், பிறகு அது அசையவே மறுத்ததும் அந்த வீதியில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அய்யங்கார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்: "ஓய், இலங்கைக்குக் கொண்டுபோறதை இங்கே இறக்கினா அப்புறம் கிளம்பாது, ஓய்! ஒருதடவை அனுபவிச்ச ஊர் இது. உம்ம காலிலே விழறேன், எடுத்துண்டு போயிடும்."

பர்மிட் நடந்து வந்தது

இனிமேல் நடந்ததுக்கு நான் பொறுப்பல்ல என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரத்தை அணைப்பேன். கிடங்கின் வடக்கு ஜன்னலுக்கு நேர் எதிர் வீட்டில் குடியிருப்பவர் யார் என்பது எனக்கு முன்னமே தெரியாது. சவரியம்மாள்தான் வந்து சொன்னாள். "காதுல பேனா வச்ச ஐயரு ஒருத்தரு, எதுத்த வீட்டுலேருந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டே ஆபீசுக்குப் போறாருங்க" என்றாள். அவளுக்கு நாமம் போட்டவர்களும் ஐயர்தான். போய்ப் பார்த்தேன். சாட்சாத் ரங்கராஜன்!

அதுவரை மூன்று ஜன்னல்தான் திறந்திருந்தது. உடனே வடக்கு ஜன்னலையும் திறந்துவிட்டேன். வெங்காயத்துக்கு நாலு பக்கமும் காற்று வேண்டும் என்பது தொழில் நியாயம்தானே? பொறுக்கின அழுகலையும் சவரியம்மாள் அந்த ஜன்னலுக்கு அடியிலேயே குவித்தாள். குப்பை வண்டி வருகிறவரைக்கும் எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்? அய்யங்காரும் சும்மா இருக்கவில்லை. காலையிலும் மாலையிலும் எதிர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, பர்மிட் வந்தால்தான் இந்த நரகம் நகரும் என்று உபந்நியாசம் செய்தார். ரங்கராஜனின் சம்சாரம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்குப் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாளாம்.

இவ்வளவு நாள் நான் அலைந்தும் மாடிப்படி இறங்காத பர்மிட், ஒரு நாள் மத்தியானம் தானாகவே காந்தி மார்க்கெட்டுக்கு நடந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ரங்கராஜன். சட்டையெல்லாம் வேர்வை. மாடியில் இருப்பவரை எப்படி அசைத்தீர்கள் என்று கேட்டேன். தன் மேல்துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதைப் போத்திண்டு போய் அவர் மேஜைக்குப் பக்கத்திலே நின்னேன். அவ்வளவுதான். பேனா தானாத் திறந்துது. தயவுபண்ணி இன்னிக்கே வண்டி கட்டும், ஸ்வாமி. என் ஆம்படையாளுக்குத் தந்தி அடிக்கணும்."

புறக்கோட்டையில் பரிசோதனை

சரக்கோடு நானும் போனேன். எதிர் மண்டிக்காரன் பேச்சை நான் நம்பினாலும் நம்புவேன், தனுஷ்கோடி மழையை நம்பமாட்டேன். மூட்டைகளைக் கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் குடையை என் தலைக்குப் பிடிக்காமல் வெங்காயத்துக்குப் பிடித்தேன். அக்கரையில் மறுபடி ரயில், மறுபடி திட்டு, மறுபடி தார்ப்பாய். புறக்கோட்டைக் கடை வாசலில் சின்னத்துரை முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. நடுவிலிருந்து ஒரு மூட்டையை உருவச் சொன்னார். தைத்த வாயைத் தானே அறுத்தார். முழங்கை மறைகிறவரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார்.

என் உயிர் அந்தப் பிடிக்குள் இருந்தது. ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். ஒன்றைத் தோல் உரித்து வாயில் போட்டு, பச்சையாகவே கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். குருத்து இல்லை! நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் வந்ததும் கதை முழுவதையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், சட்டென்று நிறுத்தி, என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். திருச்சிக்கு அனுப்பவேண்டிய கொட்டைப்பாக்கு கூரைவரை அடுக்கியிருந்தது. அதன்மேல் பூஞ்சை. அந்தக் கரையிலும் ஒரு மாடி, மாடியில் ஒருவர், அவர் கையில் ஒரு பேனா. முதலாளி என் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: "வெங்காயம் நல்லாயிருக்கு, பிள்ளை. அடுத்த வேகனையும் நீங்களே அனுப்புங்கோ. ஆனா அதோடை அந்தத் துண்டு போத்தின குமாஸ்தாவையும் சேத்து அனுப்பிவிடுங்கோ. எங்கட பக்கத்து ஒபிசுக்கும் ஓராள் வேணும்."

அடுத்த வேகன் இப்போது என் மண்டியில் நிற்கிறது, மழையும் வாசலில் நிற்கிறது, ஸ்ரீரங்கத்தில் எனக்கு இனி விளக்கு வைக்கிற மாடப்புரைகூட வாடகைக்குக் கிடைக்காது. ஆகையால் மாடிக்காரரே, இரண்டு தேசத்துச் சிநேகத்தையும் இன்னொரு தடவை நாற்றத்தால் காப்பாற்றச் சொல்லாமல், இந்தத் தடவையாவது நீரே பேனாவைத் திறந்து கையெழுத்தைப் போட்டுத் தொலையும்!