பாலைவனத்துக்கு ஒரு கட்டி சவுக்காரம்

பாலைவனத்தில் ஒரு வாரம் சுற்றிப் பார்ப்பதற்கு நான் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டால் நுவரெலியாதான் நான் பார்த்த தூர தேசம். மணல் என்று நான் கண்டதெல்லாம், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் கட்டுவதற்கு லொறியில் கொண்டுவந்து கொட்டிய ஒரு குவியல்தான்.

பாலைவனத்துக்குப் போகவிருந்தது நான் இல்லை, அம்மா. அவள் அரபு நாடு ஒன்றில் வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா தேயிலை மலையில் வேலை செய்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, பக்கத்துக் காம்பரா அறையில் இருந்துகொண்டு எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் அம்மாவின் போன் வரும். லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் படியில், அதுவும் இடது பக்க மூலையில் நின்றால்தான் கேட்கும். மூன்று பேரும் அந்த மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்போம்.

ஒரு ஞாயிறு அம்மா சொன்னாள்: "இங்க புள்ளைகளுக்கு லீவு விட்டுட்டாங்க. அடுத்த கிழமை குடும்பத்தோட ஏழு நாள் வாகனத்துலயே சுத்தப் போறாங்களாம். மொதல்ல பாலைவனம், பெறகு பெரிய ராட்டினமெல்லாம் இருக்கிற பார்க்கு. புள்ளைகளைப் பாத்துக்க என்னையும் கூட்டிட்டுப் போறாங்க. போன் எடுக்க ஏலாது."

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் போட்டிருந்த ராட்டினத்தில் ஒருமுறை ஏறி, உச்சியில் அது நின்றபோது அம்மாவின் சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்தவன் நான். இப்போது அவள் கடிக்க யார் சேலை இருக்கிறது?

திரும்பி வரும்போது அத்தை பயத்தைக் கூட்டிவிட்டாள். "மணல்ல நடந்தா கால் தடம் கூட மிஞ்சாதாம்ணே. காத்து வந்து மூடிருமாம்."

"வாயை மூடு," என்றார் அப்பா.

"நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்? டேய் மருமகனே, நீ ஏன்டா பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?"

அந்த வாரம் முழுக்க நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். தோட்டத்தில் பனி இறங்கி எதிர் மலை மறைந்தால், மணல் மூடுவது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். பயத்தில் சும்மா இருக்க முடியாமல், பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அம்மா கொண்டுபோக வேண்டிய சாமான்களைச் சிவப்புப் பேனையால் எழுதினேன். அட்டைக் கடிக்குக் காலில் பூச, துணி துவைக்கிற சவுக்காரம் ஒரு கட்டி. குளிருக்கு சுவெட்டர். வளைவுகளில் வாந்தி வந்தால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம். பாலைவனத்தில் அட்டையும் குளிரும் வளைவும் இருக்காது என்று எனக்கு யார் சொல்வது? பாதை என்றால் வளையும், புல் என்றால் அட்டை இருக்கும். புல்லே இல்லாத நிலம் என் கற்பனைக்கு எட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா அவசரமாகப் பேசினாள். "கண்ணு, கொப்பி இருக்கா? எங்கெங்க போறோம்னு சொல்றேன், எழுதிக்க. நீதானே கெட்டிக்காரன்." அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் நான் படியில் உட்கார்ந்து, சிவப்புப் பட்டியலுக்கு மேலே இருந்த இடத்தில் எழுதத் தொடங்கினேன். அப்பா போனை என் காதருகே பிடித்துக்கொண்டார். அதன் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

திங்கள், செவ்வாய் மணல். இரவு கூடாரம். புதன்கிழமை இன்ன ஊர். வியாழன், வெள்ளி பார்க்கு. சனிக்கிழமை திரும்பப் புறப்பாடு, ஞாயிறு விடியும்போது வீடு. அம்மா ஊர்ப் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நான் திரும்பச் சொன்னேன்.

"இந்த வீட்டு மொதலாளியோட தம்பியும் வர்றாரு. அவரு பேரையும் எழுதிக்க."

அப்பா போனைத் தன் பக்கம் இழுத்தார். "நீ முன்ன சொன்ன அந்த ஆளும் வர்றானா?"

"ஆமாங்க." அம்மா குரலைத் தணித்தாள். "நான் புள்ளைகளை விட்டு அசைய மாட்டேங்க. நீங்க பயப்படாதீங்க. போனை அவன்கிட்டக் குடுங்க, வாகனத்து நம்பர் சொல்லணும்."

"நம்பர் எதுக்கும்மா?"

"சும்மாதான்டா. ரோட்டுல போற லொறி நம்பரெல்லாம் நீ எழுதுவியே, அந்த மாதிரி. ரெண்டு... ஒன்னு... எட்டு... நாலு..."

சிக்னல் விட்டுப் போனது. திரும்ப வந்தபோது, "எழுதிட்டியா?" என்று கேட்டாள். கடைசி இலக்கம் என் காதில் விழவே இல்லை. ஆனால் இப்போதுதான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அப்பாவும் பக்கத்திலேயே நின்றார். ஏழு நாள் பயணம்தானே என்று ஏழைப் போட்டேன்.

"எழுதிட்டேன்."

"திரும்பப் படி."

ஒரே மூச்சில் படித்தேன். கரகரவென்று இரைச்சல். நடுவில் "ஆ, சரி" என்றது அம்மாவின் குரல். சாமான் பட்டியலை நான் கத்திக் கத்தி வாசித்து முடிக்கவும் போன் அடங்கவும் சரியாக இருந்தது.

அப்பா அந்தத் தாளைக் கிழித்தார். நடுத்தாளைக் கிழித்தால் மறுபாதியும் கழன்றுவிடும், டீச்சர் ஏசுவார் என்று நான் அழுதேன். அவர் காதில் வாங்காமல், தாளை நாலாக மடித்து, ஒரு பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மலைக்குப் போகும்போதும் அது பையில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தது. அம்மாவின் சுற்றுலாவில் அப்பாவுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்தேன்.

ஏழு நாளும் போயின. ஞாயிறு வந்தது. மடுவத்து மூலையில் மத்தியானத்திலிருந்து நின்றோம். மழை பெய்து ஓய்ந்தது. போன் வரவில்லை.

"ராட்டினம் நின்னுருக்குமா அத்தை?"

அத்தை அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை. என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கேலி செய்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் பேர் கொடுக்கப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டு, பழைய சட்டையிலிருந்த தாளை அதற்கு மாற்றினார். அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்குப் போவதாக அத்தையிடம் மெல்லச் சொன்னார். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். நாங்கள் மடுவத்தைத் தாண்டும்போது போன் அடித்தது.

அம்மா! ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டார்களாம். "ஒன்னும் இல்லீங்க. நல்லா இருக்கேங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா ஈரப் படியில், அந்த நல்ல உடுப்போடு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் போனைப் பிடுங்கினேன். "அட்டை கடிச்சுச்சாம்மா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு ரொம்ப நேரம் நீண்டு, கடைசியில் தடுமன் பிடித்த மாதிரி ஆனது. "இல்லடா. நீ சொன்ன மாதிரியே சவுக்காரம் கொண்டு போனேன். ஒன்னு கூடக் கடிக்கல."

"ராட்டினத்துல ஏறுனியா?"

"நான் எங்கடா ஏர்றது? எல்லார் பையையும் வச்சுக்கிட்டுக் கீழ உக்காந்திருந்தேன்."

பாலைவனத்தில் அட்டையை ஓட்டியது என் யோசனைதான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அது சுற்றுலாத் திட்டம் இல்லை என்று தெரிய எனக்கு இன்னும் பல வருடங்கள் வேண்டியிருந்தது. தான் காணாமல் போனால் எங்கே, யாரிடம், எந்த வாகனத்தைத் தேட வேண்டும் என்று அம்மா எங்களுக்குச் சொல்லிவைத்த வழி அது. அப்பா ஒரு வாரம் நெஞ்சோடு வைத்திருந்த அந்த வழியில் ஒரு இலக்கம் நான் சும்மா போட்டது. இன்றைக்கும் ஏதாவது வாகனத்தின் பின்னால் கடைசி இலக்கம் ஏழாக இருந்தால், அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த வருடம் அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே அந்தத் தாளைக் கேட்டாள். அப்பா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வாகன நம்பரில், கடைசி இலக்கத்தில், விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நல்ல கையெழுத்துடா ஒனக்கு," என்று சொல்லி, தாளை அடுப்பில் போட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடியில் சிவப்பில் எழுதியிருந்த சவுக்காரமும் சேர்ந்து எரிகிறதே என்று.