பருத்தி விறகுக்குள் இருந்த உயிர்

எங்கள் மன்னார்குடிப் பக்கம் நெல் அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுவோம். பஞ்செடுத்து முடிந்ததும் செடிகளைப் பிடுங்கிக் காயவைத்து, விறகுக்காகக் கொல்லையில் அடுக்கி, மழை படாமல் தார்ப்பாயால் மூடுவது என் வேலை.

இந்தப் பங்குனியில் அடுப்பெரிக்க ஒரு குச்சியை ஒடித்தேன். அதிலிருந்த வெடிக்காத காய் நொறுங்கியது. உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. சத்தம் போட்டே பேசாத நான் அலறிவிட்டேன்.

“என்ன அத்தை, பாம்பா?” மருமகள் ஓடி வந்தாள்.

“புழும்மா! உசுரோட இருக்கு!”

“ஐயோ, போன வருஷம் காயெல்லாம் தின்னுச்சே, அதே புழு! மழையில செத்திருக்கும்னுல்ல நெனச்சோம். இனி அந்துப்பூச்சியாகி வயலுக்குத்தான் பறக்கும்.”

வயலில் புதுச்செடி முழங்கால் உயரம் நின்றது. அன்றே விறகு முழுவதையும் கொளுத்தினோம்.

வயலில் மருந்தடித்துக் கொல்லப் பார்த்த புழுவை, ஐப்பசி மழையில் நனையாமல் காப்பாற்றியது நான்தான்.