பாலைவனத்துக்குப் போன எங்கள் கடல்

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். குழித்துறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கொப்பரை காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மண்டையைப் பிளக்கும் வெயில். ஓமனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வீடியோ காலில் வந்தார். காருக்குள் இருந்தார். வெளியே பேய் மழை!

பாலைவனத்தில் மழையைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். எதிரே, மலையடிவாரத்தில், எப்போதும் காய்ந்து கிடக்கும் ஓடை. அதற்குள் இறங்கி ஏறும் சாலையின் மேல் அன்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார்கள். இவர் மட்டும் காரை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்.

“இவனுவளுக்கு நாலு துளி விழுந்தா பேடி. முட்டளவு வெள்ளம்கூட இல்லட்டி” என்று அவர்களுடைய பயத்தைப் பார்த்துச் சிரித்தார். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊரில் பிறந்த திமிர், வேறென்ன!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் வழியாக ஓடும் தாமிரபரணியில் தண்ணீர் கலங்கி, சுள்ளியும் சருகும் கூட்டமாக வந்தால், பின்னாலேயே மலைவெள்ளம் வருகிறது என்று அர்த்தம். அவருக்கும் தெரிந்ததுதான். பாலைவனத்திலும் அது நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். போன் திரையில் ஒரு முள்மரம் வேரோடு மிதந்து போனது.

“வண்டி போனா போவட்டு! இப்பமே எறங்கி ஓடுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதோடு கால் கட்.

எத்தனை தடவை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. கொப்பரை மேலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். “கார் போச்சுட்டி. நான் கரையில நிக்கேன்” என்றார். அவர் கேலி செய்த ஊர்க்காரர்களில் ஒருவர்தான் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாராம். இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் கல்லூரியில் படிக்கும் என் மகள், காற்றிலுள்ள ஈரத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படம் ஒன்றைக் காட்டினாள். நம் கடலில் தென்மேற்கே எங்கிருந்தோ ஓமன் மலை வரை நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, காயப் போட்ட வேட்டி மாதிரி.

“இதுக்குப் பேரு வளிமண்டல ஆறும்மா. ஆவியாட்டு ஓடும், கண்ணுக்குத் தெரியாது. மலையில முட்டினா மொத்தமா கொட்டிரும். நம்ம மலையிலயும் சில நேரம் இப்படி முட்டும்” என்றாள். தரையில் ஓடும் பெரிய பெரிய ஆறுகளைவிட அதிகத் தண்ணீரைக்கூட அது சுமக்குமாம்.

இங்கே ஒரு சொட்டுகூட விழாமல் கொப்பரை காய்ந்த அதே நேரத்தில், நாங்கள் கால் நனைக்கும் கடலின் தண்ணீர் ஆகாயத்தில் ஏறி, அத்தனை தூரம் ஓடி, என் கணவரின் காரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது!

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். ஆனாலும், மேகமே இல்லாத வானத்தைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே எங்கோ ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒருநாள் என் மனுஷரைக் கரையில் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்துக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.