இடைவேளையில் முடிந்த படம்

மும்பையில் ஒருவன் தமிழன் என்று தெரிந்துவிட்டால், முன்பெல்லாம் சாம்பார் வைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். இப்போது, கதையைத் தலைகீழாகச் சொல்லும் ஒரு தமிழ் இயக்குநரின் படங்களுக்கு அர்த்தம் கேட்கிறார்கள். வாஷியில் என் அலுவலகத்தில், டப்பாவைத் திறந்து முதல் வாய் வைப்பதற்குள் மேலாளர் சாவந்த் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முந்தின நாள் டிவியில் அவற்றில் ஒன்றை இந்தியில் பார்த்திருப்பார். உங்கள் ஆள் ஏன் கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிடுகிறார் என்று கேட்பார். 'உங்கள் ஆள்' என்ற சொல்லில் ஏதோ என் சித்தப்பா மகன் வந்து அவர் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டதுபோல ஒரு தொனி இருக்கும். அதுதான் அவர் கதை சொல்லும் முறை, முதலில் சாவு, பிறகு கல்யாணம், கடைசியில் பிறப்பு என்று விளக்கினேன். தமிழ்நாட்டில் எல்லாருமே அப்படித்தான் சொல்வீர்களா என்றார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் ஆமாம் என்றேன். அதிலிருந்து நான் லீவு கேட்டுப் போனால், "முடிவை முதலில் சொல், எப்போது திரும்பி வருவாய்?" என்கிறார்.

இந்தப் புகழ் மாட்டுங்கா வரை போய்விட்டது. அங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் அந்த இயக்குநரின் புதுப்படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். அவரே வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் அவருடைய கதைசொல்லும் முறை பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டும். படத்தை நான் பார்த்திருக்கவில்லை. செம்பூரில் ஒரு வாரம், அதுவும் அலுவலக நேரத்தில் ஒரே காட்சி ஓடிவிட்டுப் போயிருந்தது. இருந்தாலும் என்ன, அவர் பாணி எனக்கு மனப்பாடம் என்று உரையை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டேன்.

லாரி ஓட்டுநர் ஒருவரின் கதை என்று கேள்விப்பட்டதும் பேச்சியக்காவைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்து இறங்கியபோது, தாராவியில் அவர்கள் வீட்டு மேல்தட்டில்தான் எனக்கு இடம் கிடைத்தது. நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். கீழே அக்காவும் அவர் கணவர் செல்லத்துரை அண்ணனும். அண்ணன் குஜராத்துக்கு லாரி ஓட்டுவார். திரும்பி வரும் அன்று முழுக் குழாயடிக்கும் கேட்கும்படி ஹார்ன் அடித்துவிட்டுத்தான் வண்டியை ஓரம் கட்டுவார். ஒருமுறை வண்டி வரவில்லை, நெடுஞ்சாலையில் கவிழ்ந்துவிட்டது என்ற போன்தான் வந்தது. அக்கா ஊருக்குத் திரும்பாமல் தோல் பட்டறையில் கைப்பைகளுக்கு வார் தைக்கப் போய்விட்டார். அதன்பிறகு எந்தப் படத்திலும் யாராவது சாகப்போவதுபோலத் தெரிந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆகவே நிறையப் படங்களை அவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

அன்று அரங்கில் படம் போடுபவர் சந்தோஷ் என்ற மராத்திக்காரர். தமிழ் தெரியாது. படம் இரண்டு கோப்புகளாக வந்திருந்தது. "பெஹ்லே வாலா லகாவூம்?" என்று என்னிடம் கேட்டார். முதலாவதைப் போடட்டுமா என்கிறார். இது என்ன கேள்வி என்று நினைத்தபடி, "ஹாம், பெஹ்லே வாலா," என்றேன். அந்தக் கோப்புகளுக்கு 'ஆஃப்டர் இன்டர்வல்', 'பிஃபோர் இன்டர்வல்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்ததும், அகரவரிசையில் இரண்டாம் பாதிதான் முதலில் வந்து நின்றதும் எனக்குத் தெரியாது.

எடுத்த எடுப்பில், யாரென்றே சொல்லாமல், தாடிவைத்த ஒருவன் மழையில் ஓடினான். அரங்கம் மெச்சிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் அவன் எடைமேடை ஓரத்தில் குத்துப்பட்டுச் செத்தான். உடனே திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. நடுப்படத்தில் நன்றி அறிவிப்பு! எவனுக்கு இந்தத் துணிச்சல் வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தேன். பேச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"உக்காருங்கக்கா. இன்னும் இருக்கு. இவர் படம் இப்பிடித்தான்."

"செத்த பொறவு என்னய்யா இருக்கு?" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார்.

தேநீருக்குப் பிறகு படத்தின் தலைப்பே வந்தது. பலத்த கைதட்டல். செத்தவன் தாடி இல்லாமல், சிரித்துக்கொண்டு லாரியிலிருந்து குதித்தான். அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்தார். "ஆஸ்பத்திரியில மழிச்சு விட்டுருக்காவ பாத்தியா!" அவன் பெண் பார்த்தான், கல்யாணம் செய்தான், பந்தியில் மனைவியின் இலையிலிருந்து அப்பளத்தைத் திருடித் தின்றான். குடும்பமே சிரிக்கும்போது காட்சி உறைந்தது. 'இடைவேளை' என்ற எழுத்து வந்தது. விளக்கு எரிந்தது.

நான் மேடையேறினேன். வாழ்க்கை எங்கும் முடிவதில்லை, இடைவேளைதான் உண்டு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்ட மேதை என்றேன். தலைப்பு ஏன் நடுவில் வந்தது என்பதற்கு மூன்று காரணம் சொன்னேன். அப்போதுதான் கடைசி வரிசையில் இயக்குநரைப் பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் நெரிசலில் சிக்கி, கல்யாணப் பந்தியின்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். மேடைக்கு வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இந்த ஒரு படத்தத்தான் நான் நேரா எடுத்தேன்," என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு ஆழமாகச் சொல்லிவிட்டார் என்றார் பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர். எனக்கு மட்டும் சந்தோஷ் கேட்ட கேள்வியும் அந்த இரண்டு கோப்புகளும் நினைவுக்கு வந்தன. அந்தக் கைதட்டலுக்கு நடுவே பேச்சியக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, அந்தப் பையன் பொழைச்சுக்கிட்டாம்லா? இனி ஒண்ணும் ஆவாதுல்லா?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். குரல் இறங்கி, "ஆமாம்மா, நல்லா இருக்கான்," என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தனை வருடத்தில், சாவு வந்தும் அவர் முழுதாகப் பார்த்த ஒரே படம் அது. கீழே இறங்கும்போது இயக்குநர் என் காதருகில், "யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றார். சந்தோஷுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் புரியவில்லை. படம் நன்றாக இருந்தது என்று என் கையைக் குலுக்கினார்.

சில மாதம் கழித்து, தங்கை பேரனின் காதுகுத்துக்கு அக்கா ஊருக்குப் போயிருந்தார். அங்கே டிவியில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கல்யாணப் பந்தி வந்ததும் படம் முடிந்தது என்று எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வீடே அழுதுகொண்டிருக்கிறது. அவர் போன் செய்தபோது நான் வாஷி நடைமேடையில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பின்னால் பத்துப் பேர் சத்தம்.

"எய்யா, அவன் செத்துட்டாம்னு சாதிக்காவ. நீ மேடையில பேசுனவம்லா, சொல்லு இவங்களுக்கு!"

வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. "பொழைச்சுட்டான் அக்கா. அவரே நம்மகிட்ட சொன்னார்லா," என்றேன்.

"கேட்டியளா? ஒங்க ஊருல செத்துருப்பான். எங்க பம்பாயில அவன் உசிரோடதான் இருக்கான்."

அந்தப் பக்கம் சிரிப்பு. அதற்குள் ஒரு வயதான ஆண்குரல், "ஒங்க ஊருங்கா, எங்க ஊருங்கா. அப்பம் நீ எந்த ஊருக்காரி தாயி?" என்றது.

அக்கா அந்தக் குரலுக்கா எனக்கா என்று தெரியாதபடி சொன்னார்: "வெள்ளிக்கிழமை எனக்குப் பம்பாய் வண்டி."