கையோடு வந்த கதவு

என் தம்பி இந்த அறுபத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்ததில்லை. சரி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பான், பல் பிடுங்கியபோது உட்கார்ந்திருப்பான். முக்கால்வாசி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெக்கானிக் அவன். ஊராரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிடுவதுகூட நின்றபடிதான். நாங்கள் வைத்த பெயர் பம்பரம்.

அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவனும் அவன்தான். அவர்கள் போனபின் அந்தப் பழைய வீட்டோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினான். போன வருஷம் மட்டும் இரண்டு முறை ஏணியிலிருந்து விழுந்தான். நானும் தங்கையும் பயந்துபோய், விற்றுவிடலாம் என்றோம். போனில் "சரி" என்றான். வாய் சொன்னதைக் கை சொல்லுமா? மூன்று பேர் கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் விற்பனை இல்லை.

பத்து மணிக்கு வாங்குகிறவர் வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கே நாங்கள் போனால், பம்பரம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக மாடிப்படியில் நிற்கிறான்.

"டேய், கொஞ்சம் உக்காருடா. பேசணும்."

"பேசுக்கா. காது சும்மாதானே இருக்கு."

குழாயை இறுக்கினான். ஜன்னல் கொக்கியை மாற்றினான். நன்றாக எரிந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றி மறுபடி பூட்டினான். விற்பனை ஒப்பந்தக் காகிதத்தை நீட்டியபடி தங்கை பின்னாலேயே ஓடினாள்.

"விக்கப்போற வீட்டுக்கு இவ்வளவு சிங்காரம் எதுக்குண்ணா?"

"ஓட்டை வீட்டைத் தலையில கட்டிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது."

"மனசில்லேன்னா இப்பவே சொல்லிடு."

பதிலுக்கு வாசல் பக்கமிருந்து சுத்தியல் சத்தம்தான் வந்தது. அப்புறம் அதுவும் நின்று, கொல்லைப்பக்கம் ஏதோ உருண்டது.

வாங்குகிறவர் வந்து வாசல் மணியை அடித்தார். எங்கள் வாசற்கதவு நாற்பது வருஷமாகத் தொங்கிப்போன கதவு. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி ஒரு இழுப்பு இழுத்தால்தான் திறக்கும். எங்கள் குடும்பத்தைத் தவிர ஒருவருக்கும் அந்த வித்தை தெரியாது. நானும் பழக்கதோஷத்தில் தூக்கி இழுத்தேன். சற்றுமுன்தான் பம்பரம் கீலைப் புதிதாக மாற்றியிருக்கிறான். கதவு மேலே எகிறாமல் தடுக்கும் ஆணியை மட்டும் இன்னும் அடிக்கவில்லை. கதவு கையோடு வந்துவிட்டது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வந்தவரை "வாங்க, வாங்க" என்றேன்.

"வீட்டைத்தானேம்மா கேட்டேன்? கதவை மட்டும் எடுத்துக் குடுக்கறீங்களே!" என்றார் அவர்.

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடிவந்த பம்பரமும் சிரித்தான். பிறகு கதவை என் கையிலிருந்து வாங்கி, அதைத் தடவியபடி நின்றான்.

"கோணலா இருந்தவரைக்கும் நம்ம கதவுக்கா. நேராக்கினதும் நமக்கே திறக்கத் தெரியல பாரு."

கதவை இரண்டு நாற்காலிமேல் படுக்கவைத்தான். "குடு, அந்தக் காகிதத்தை" என்றான். அந்தக் கதவின்மேல் வைத்து மூவரும் கையெழுத்துப் போட்டோம். அவன் நின்றபடியே போட்டான். அன்றைக்கும் அவன் உட்காரவில்லை.

இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"போக்கா, கதை விடாதே! வந்தவரு கிளம்பினதும் அண்ணன் வாசப்படியில ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தான். நிலைகொள்ளாம ரூம் ரூமா சுத்தினது நீதான்."